மகன் கேட்கும் அந்தக் காடி



பிள்ளை வேலைக்குப் போய் நாலைந்து மாதச் சம்பளம் வாங்கியதும் வீட்டில் எழுகின்ற முதல் பேச்சு எது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. "அப்பா, ஒரு காடி எடுக்கலாம்!" மழையில் நனைந்துகொண்டு மோட்டார்சைக்கிளில் தொழிற்சாலைக்குப் போய் வருகிற பிள்ளை கேட்பது நியாயந்தான். ஆனால் அப்பா மனத்தில் இருக்கும் காடி வேறு, பிள்ளை மனத்தில் இருக்கும் காடி வேறு. அப்பா நினைப்பது அம்மாவைக் கிளினிக்குக்கும் பாட்டியைக் கோயிலுக்கும் ஏற்றிச் செல்ல நாலு சக்கரம். பிள்ளை நினைப்பதோ தரையோடு தாழ்ந்து, ஸ்போட் ரிம்மும் அகல டயரும் போட்டு, கிளம்பும்போதே லயத்துக் கண்ணாடியெல்லாம் அதிர உறுமுகின்ற சின்னக் காடி.

அந்த ஆசையை நான் குறை சொல்லப் போவதில்லை. வாலிபத்தில் வராத ஆசை பிறகு எப்போது வரும்? ஆனால் முன்பணம் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். பல குடும்பங்களில் அது அப்பாவின் சேமநிதிப் பணம். இல்லையென்றால் அம்மா கூட்டு போட்டுச் சேர்த்த பணம். இருட்டோடு எழுந்து பால் வெட்டியும் செம்பனைக் குலை தள்ளியும் வந்த காசு. மீதிக்குப் பேங்கில் கடன் போட்டால், மாதத் தவணை ஐந்து ஆண்டு, ஏழு ஆண்டு என்று நீளும். காடி ஓடினாலும் தவணை உண்டு; ஒர்க்ஷாப்பில் படுத்துக் கிடந்தாலும் தவணை உண்டு. ஆகையால் இம்முறை, பழைய ஸ்போட் காடி ஒன்றை எப்படிப் பார்த்து எடைபோடுவது என்பதைப் பேசுவோம். எது சிறந்த காடி என்ற வாதம் வேண்டாம். அதைத் தேநீர்க்கடையில் விடிய விடியப் பேசலாம். உங்கள் எதிரில் நிற்கும் அந்த ஒரு காடி நம்பத் தகுந்ததா என்பதே நமக்கு வேண்டியது.

நம் நாட்டில் இந்த ரகத்தில் பிள்ளைகள் கேட்பவை பெரும்பாலும் இரண்டு மூன்றுதான். முதலாவது புரோட்டோன் சத்ரியா. மூன்று கதவு கொண்ட அந்தக் காடி 1994-இல் வந்தது. 1998-இல் அதிலேயே ஜிடிஐ என்ற வேகமான வகை வந்தது. மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இயந்திரம், இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்தார் கைவைத்துச் சீராக்கிய ஓட்டம். அதற்குப் பின் 2006-இல் சத்ரியா நியோ. அதில் 1.3, 1.6 லிட்டர் கேம்ப்ரோ இயந்திரங்கள். 2009-இல் சிபிஎஸ் என்ற கூடுதல் வேக வகையும் சேர்ந்தது. 2015-இல் நியோவின் தயாரிப்பு நின்றுபோனது. இன்னொன்று பெரோடுவா மைவி. 2011-இல் வந்த இரண்டாம் மைவியில் 1.5 லிட்டர் வகையை எடுத்து அலங்கரித்து ஓட்டாத இளைஞர் கூட்டம் எந்தப் பட்டணத்தில் இல்லை?

சத்ரியா நியோவின் பெயரில் ஓடிய பந்தயக் காடி 2011-இல் ஆசிய பசிபிக் ரேலிப் போட்டியில் வாகை சூடியது உண்மை. பிள்ளை அதைச் சொல்லி உங்களை மடக்குவான். அந்தப் பந்தயக் காடிக்கு இரண்டு லிட்டர் இயந்திரம், நான்கு சக்கரத்துக்கும் இழுவை. காடிக்கடையில் நிற்பதற்கும் அதற்கும் பெயரும் முகமும்தான் ஒற்றுமை. இதை அவனிடம் கோபிக்காமல் சொல்லுங்கள்.

மாடலுக்கு நல்ல பெயர் இருந்தால் உதிரிப் பொருள் கிடைக்கும், போர்மேன்களுக்கு அதன் நோய் தெரிந்திருக்கும். அந்த மட்டில் நல்லதுதான். நியோவின் இயந்திரச் சாமான்கள் ஜென்-2, பெர்சோனா போன்ற காடிகளோடு பொதுவானவை என்பதால் கிடைப்பதில் கஷ்டமில்லை. ஆனால் கதவு, கண்ணாடி, விளக்கு போன்ற அதற்கே உரிய உருப்படிகளுக்குப் பழைய சாமான் கடைகளில் அலைய நேரலாம். ஜிடிஐ இன்னும் பழசு என்பதால் அலைச்சலும் இன்னும் அதிகம். மைவியை எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் இதெல்லாம் மாடலைப் பற்றிய கதை. சாதாரணக் காடிக்கு இல்லாத ஒரு விசேஷம் ஸ்போட் காடிக்கு உண்டு. அதை வாங்கியவர்கள் எல்லாருமே வேகமாக ஓட்டத்தான் வாங்கினார்கள். ஓர் ஆசிரியை பள்ளிக்கும் வீட்டுக்கும் ஓட்டிய பத்து வருடக் காடியும், மூன்று வாலிபர்கள் கைமாறி நெடுஞ்சாலையில் மிதித்து ஓட்டிய பத்து வருடக் காடியும் கிலோமீட்டர்க் கணக்கில் ஒன்றாக இருக்கலாம். உடம்பில் ஒன்றாக இருக்காது. எனவே உங்கள் கேள்வி, "இது நல்ல மாடலா?" என்பதோடு நிற்கக் கூடாது. "இதை ஓட்டியவன் எப்படிப்பட்டவன்?" என்று காடியையே கேட்க வேண்டும். காடி பொய் சொல்லாது. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில், தனியாகப் போகாதீர்கள். பிள்ளையை மட்டும் அனுப்பவே அனுப்பாதீர்கள்; ஆசைப்பட்ட கண்ணுக்குத் துரு தெரியாது. உங்களுக்குப் பழக்கமான போர்மேன் ஒருவருக்கு அரைநாள் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். "பழகிய மனிதர், சும்மா வருவார்" என்று நினைக்க வேண்டாம். கூலி வாங்கியவர்தான் முகத்தாட்சண்யம் பாராமல் குறையைச் சொல்லுவார். விற்பவரே சிபாரிசு செய்கிற போர்மேன் வேண்டவே வேண்டாம். பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். நனைந்த காடி எல்லாம் புதுக் காடியாகத்தான் தெரியும்.

போனதும் முதல் வேலை பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே இயந்திரத்தை ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "தேநீர் குடித்துவிட்டு வருகிறோம் தவுக்கே" என்று சொல்லி, இரண்டு மணி நேரம் கழித்து வாருங்கள்; முடிந்தால் மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லுங்கள். ஏனென்றால் இயந்திரத்தின் உண்மைக் குணம் குளிர்ந்திருக்கும்போது கிளப்பினால்தான் தெரியும். நம்மைப் போலத்தான்; காலையில் எழுந்திருக்கும்போது தானே மூட்டுவலி தெரிகிறது!

குளிர்ந்திருக்கும்போதே இரண்டு மூடிகளைத் திறந்து பார்க்க வேண்டும். ஒன்று எண்ணெய் ஊற்றும் மூடி, மற்றது ரேடியேட்டர் மூடி. சூடான இயந்திரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும், ஜாக்கிரதை. எண்ணெய் மூடியின் அடியிலும் ஆயில் குச்சியிலும் தே தாரிக் நிறத்தில் நுரைத்தது போல் ஏதாவது ஒட்டியிருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர்த் தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தால் அதுவும் அதே நோய்தான். சிலிண்டர் மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதியில் கசிவு இருக்கலாம். கேம்ப்ரோ இயந்திரக் காடியில் இந்த இடத்தைப் போர்மேன் தனியாகவே கவனித்துப் பார்க்கட்டும். எண்ணெய் கறுப்பாக இருப்பது பெரிய குற்றமில்லை. தார் போலக் கெட்டியாகி, மூடியின் உட்புறமெல்லாம் கசடு படிந்திருந்தால், வருடக்கணக்கில் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள். வேகமாக ஓட்டுகிறவன் எண்ணெய் மாற்றத் தவறினால் அந்த இயந்திரத்துக்கு ஆயுசு குறைவு.

இப்போது சாவியைப் போடச் சொல்லுங்கள். கிளப்ப வேண்டாம், விளக்கு எரியும் மட்டும் திருப்பினால் போதும். டேஷ்போர்டில் இயந்திர விளக்கு, எண்ணெய் விளக்கு, பேட்டரி விளக்கு எல்லாம் எரிய வேண்டும். கிளப்பியதும் அவை அணைய வேண்டும். கிளப்பிய பிறகும் இயந்திர விளக்கு எரிந்தால் கோளாறு என்பது எல்லாருக்கும் தெரியும். கிளப்புவதற்கு முன்பு அது எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம். கோளாற்றை மறைக்க யாரோ அந்த விளக்கையே பிடுங்கியிருக்கிறார்கள்.

கிளப்பும்போது ஒருவர் பின்னால் நின்று புகைக்குழாயைப் பார்க்க வேண்டும். காலைக் குளிரில் சிறிது வெள்ளை ஆவி வந்து மறைவது இயல்பு. இயந்திரம் சூடான பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ஒருவித இனிப்பு வாடையும் இருந்தால் ரேடியேட்டர்த் தண்ணீர் உள்ளே எரிகிறது. நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்புப் புகை பெட்ரோல் அளவுக்கு மிஞ்சிப் போவதைக் காட்டும். மூன்றில் இதுதான் பெரும்பாலும் குறைந்த செலவில் சரியாவது. நீலப் புகையைப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. மேட்டிலிருந்து இறங்கும்போது மிதியைவிட்டுக் காலை எடுத்து, கீழே வந்ததும் அழுத்தி மிதித்தால், பின்னால் நீலமாக ஒரு மேகம் கிளம்புகிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். கிளம்பினால் பிஸ்டன் வளையமோ வால்வு ரப்பரோ தேய்ந்திருக்கிறது.

இங்கே தோட்டத்து மக்களுக்கென்றே ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் முதலில் மாற்றுவது காற்று வடிகட்டிதான். உறுஞ்சும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக, பெட்டிக்குள் இருந்த வடிகட்டியை எடுத்துவிட்டுத் திறந்தவெளி வடிகட்டியைப் போடுகிறார்கள். பட்டணத்துத் தார்ச்சாலையில் அது எப்படியோ போகட்டும். நம் செம்மண் சாலையில் குலை ஏற்றிய லாரியின் பின்னால் அரைமைல் போனாலே காடி முழுக்கச் சிவப்பாகிவிடுகிறதே, அந்தத் தூளை மட்டமான வடிகட்டி தடுக்காது. அது உள்ளே போய்ப் பிஸ்டனை உப்புத்தாள் போலத் தேய்க்கும். காடி இதற்கு முன் தோட்டப்புறத்தில் ஓடியிருந்து, திறந்த வடிகட்டியும் போட்டிருந்தால், போர்மேனிடம் சொல்லி நாலு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்கச் சொல்லுங்கள். நாலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தக் காடியை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

அடுத்தது டைமிங் பெல்ட். சத்ரியா இனத்து இயந்திரங்களில் வால்வுகளை இயக்குவது ஒரு ரப்பர் வார். இது ஓடுகிற ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதி வளைந்துவிடும். அப்போது செலவு சில நூறில் நிற்காது, ஆயிரக்கணக்கில் போகும். பொதுவாக 80,000-இலிருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள் அதை மாற்ற வேண்டும். "போன வருடந்தான் மாற்றினேன் அங்கள்" என்று விற்பவன் சொன்னால், ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். மைவியின் 1.5 இயந்திரத்தில் வாருக்குப் பதில் சங்கிலி. அதைக் கணக்கு வைத்து மாற்ற வேண்டிய தேவை இல்லை. ஆனால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருந்தால் குளிரில் கிளப்பும்போது கடகடவென்று சத்தம் தரும். குளிர்ந்த இயந்திரத்தைக் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி ஓட்டிப் பாருங்கள். காடிக்கடையைச் சுற்றி ஒரு வட்டம் போதாது. மேடு, பள்ளம், வளைவு எல்லாம் உள்ள சாலையில் அரைமணி நேரமாவது ஓட்ட வேண்டும். வானொலியை அணைத்துவிடுங்கள். விற்பவர் கதை சொல்லிக்கொண்டே வந்தால், "கொஞ்சம் சும்மா இருங்கள்" என்று சொல்லத் தயங்காதீர்கள். மேனுவல் கியர்க் காடி என்றால், நாலாவது கியரில் மெதுவாகப் போகும்போது மிதியை முழுக்க அழுத்துங்கள். சத்தம் ஏறி, வேகம் ஏறாவிட்டால் கிளச் தேய்ந்துவிட்டது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது 'கர்ர்' என்று கடித்தால், கியர்ப் பெட்டியை யாரோ அவசரப்பட்டே கையாண்டிருக்கிறார்கள். திடலில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து மெதுவாக வட்டம் போட்டுப் பாருங்கள். 'டக், டக்' என்று கேட்டால் முன்சக்கர அச்சின் மூட்டுப் போய்விட்டது. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று தட்டினால், அப்சோபரோ ஸ்டீயரிங் ரேக்கோ ஆடுகிறது என்று போர்மேனிடம் காட்டுங்கள். ஆட்டோ கியராக இருந்தால் நின்ற இடத்தில் 'ஆர்' போட்டதும் உதைக்கிறதா என்று கவனித்தால் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

தாழ்த்திய காடியைப் பற்றி எனக்கொரு கடுமையான அபிப்பிராயம் உண்டு. பிள்ளைகள் கோபித்தாலும் சரி. நல்ல ஸ்பிரிங்குச் செட் வாங்கிப் போட்டவனுக்கு நான் ஏதும் சொல்லவில்லை. ஆனால் காசு மிச்சம் பிடிக்க ஒரிஜினல் ஸ்பிரிங்கையே அறுத்துத் தாழ்த்துகிற வழக்கம் இருக்கிறதே, அது பிரேக் போடும்போதும் வளைவிலும் உயிரோடு விளையாடுவது. காடியைத் தூக்கி நிறுத்தி, ஸ்பிரிங்கின் முனை அறுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதோடு எண்ணெய்த் தொட்டியின் அடிவயிற்றையும் பாருங்கள். தோட்டத்துப் பாலத்து மேட்டிலும் சாலை நடுவே நிற்கும் செம்மண் வரப்பிலும் இடித்து நசுங்கியிருந்தால் கண்ணுக்கே தெரியும். டயரின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் நேராக நிற்கவில்லை. டயரின் பக்கத்தில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பூவேலை பளிச்சென்று இருந்தாலும் டயர் கிழடாக இருக்கலாம்.

விற்கிறவனிடம் ஒரு கேள்வி மறக்காமல் கேளுங்கள்: "ஒரிஜினல் ரிம், ஒரிஜினல் வடிகட்டிப் பெட்டி, புகைக்குழாய் எல்லாம் இருக்கிறதா தம்பி?" அவன் வீட்டுக்குப் பின்னால் போய், துணி சுற்றி வைத்ததை எடுத்து வந்து காட்டினால், காடியைப் பேணத் தெரிந்த பிள்ளை. விற்றுத் தின்றுவிட்டேன் என்றால் யோசியுங்கள். என்னைக் கேட்டால், அலங்காரம் ஒன்றும் இல்லாமல், சாயம் கொஞ்சம் மங்கி, ரசீதுகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிற காடியைத்தான் முதலில் பார்க்கச் சொல்லுவேன். அலங்காரத்தைப் பிறகு உங்கள் பிள்ளை சொந்தச் சம்பளத்தில் செய்துகொள்ளட்டும்.

அலங்காரம் பெயரிலும் நடக்கும். சாதாரண 1.3 சத்ரியாவுக்கு ஜிடிஐ பாடி கிட் மாட்டி, பின்னால் எழுத்தும் ஒட்டி விற்பது பழைய கதை. இதற்குக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டியதில்லை. கிராண்டை வாங்கிப் படியுங்கள். அதில் இயந்திரத்தின் கொள்ளளவு எழுதியிருக்கும். சாலை வரியும் சொல்லிவிடும்: தீபகற்பத்தில் தனியார் பெயரிலுள்ள 1.5, 1.6 காடிக்கு ஆண்டுக்கு 90 வெள்ளி, 1.8 ஜிடிஐக்கோ 300 வெள்ளியை ஒட்டி வரும். இதற்கு நேர்மாறானதுதான் அதிக ஆபத்து. கிராண்டில் 1.3 என்று இருக்கும், பானெட்டுக்கு அடியில் ஜப்பானிலிருந்து வந்த ஹாப்கட் இயந்திரம் உட்கார்ந்திருக்கும். இயந்திர எண்ணும் சேஸி எண்ணும் கிராண்டில் உள்ளபடி ஓர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று போர்மேனை விளக்குப் பிடித்துப் படிக்கச் சொல்லுங்கள். மாற்றிய இயந்திரத்தைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதியாமல் ஓட்டினால், விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்க இடமுண்டு. சேஸி எண்ணின் ஓரத்தில் வெல்டிங் தழும்போ புதுச் சாயமோ தெரிந்தால், ஒரு வார்த்தை பேசாமல் திரும்பி வாருங்கள். அது திருட்டுக் காடியாகவோ இரண்டு காடியை வெட்டி ஒட்டியதாகவோ இருக்கலாம்.

வெள்ளக் காடியையும் சொல்லாமல் விட முடியாது. 2014 டிசம்பரில் கிளந்தான் முங்கியது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் நம் மக்கள் வீட்டுக் கூரையில் ஏறி நின்றதை யார் மறப்பார்? அத்தகைய வெள்ளங்களில் மூழ்கிய காடிகளும் கழுவித் துடைத்து, சந்தைக்கு வந்துவிடுகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே ஒளிந்திருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு நிற்கும். கால்மிதிக்கு அடியில் விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு, விளக்குக்குள் நீர்ப்படலம், வாசனைத் தைலம் மூக்கைத் துளைக்கும் அளவுக்கு - இவை ஒன்றாகக் கூடினால் சந்தேகப்பட வேண்டியதுதான். மூழ்கிய காடியில் மின்கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிறகு செத்துக்கொண்டே வரும்.

விலை பேசி முடிந்தாலும், காகிதம் முடியும் முன் முழுப் பணத்தையும் நீட்டாதீர்கள். பழைய பேங்குக் கடன் அடைபட்டு, பேங்கின் பாத்தியதை நீங்கியிருக்க வேண்டும். சம்மன் பாக்கி இருக்கக் கூடாது. பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற பரிசோதனை நிலையத்தில் பி5 பரிசோதனை உண்டு. கடன் போட்டால் பி7-உம் உண்டு. அதில் தேறிவிட்டதால் இயந்திரம் நல்ல இயந்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். காடி இன்னது என்பதையும், சாலையில் ஓடத் தகுதி உண்டா என்பதையும்தான் அவர்கள் பார்க்கிறார்கள். இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. "சம்போங் பாயார்" என்று ஒருவன் வந்து, "என் தவணையை நீங்கள் கட்டிக்கொண்டு ஓட்டுங்கள்" என்பான். முன்பணம் குறைவு என்பதால் நம்மவர்கள் பலர் இதில் விழுகிறார்கள். பேங்கின் சம்மதம் இல்லாமல் இப்படிக் கைமாற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது. நீங்கள் நாலு வருடம் கட்டினாலும் காடி உங்கள் பெயரில் வராது. நடுவில் அவன் தகராறு செய்தால் ஒரு நாள் காலையில் எழுந்து பார்க்கும்போது வாசலில் காடி இருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். சத்ரியாவுக்குக் கதவு மூன்று. பின்சீட்டுக்கு முன்சீட்டைச் சாய்த்துத்தான் ஏற வேண்டும். வாங்குவதற்கு முன் பாட்டியை ஒரு முறை அழைத்துப் போய் ஏற்றி இறக்கிப் பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. முழங்கால் வலிக்காரர் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த ஒரு காரணத்துக்காகவே ஐந்து கதவு மைவி போதும் என்று வீட்டில் முடிவாகிவிடலாம். பிள்ளைக்குக் கொஞ்சம் ஏமாற்றம், அதிலும் 1.5 இருக்கிறதே என்று ஆறிவிடுவான்.

எல்லாம் சரியாகி, காடி உங்கள் பெயருக்கு வந்துவிட்டதென்றால், கையிலிருக்கும் பணம் முழுவதையும் விலைக்கே கொட்டிவிடாமல் பத்தில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைத்திருங்கள். முதல் வாரத்திலேயே இயந்திர எண்ணெய், அதன் வடிகட்டி, காற்று வடிகட்டி, கியர் எண்ணெய், பிரேக் எண்ணெய், ரேடியேட்டர்த் தண்ணீர் எல்லாவற்றையும் புதிதாக மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டுக்கு ரசீது இல்லாத காடி என்றால் அதையும் தண்ணீர்ப் பம்பையும் ஒரே வேலையாகச் செய்துவிடுவது கூலிக்கு மிச்சம். செய்த நாளையும் அன்றைய கிலோமீட்டரையும் ஓர் அட்டையில் எழுதி, சாவிக்கொத்து மாட்டுகிற ஆணியிலேயே தொங்கவிடுங்கள். எழுதுகிற வேலையை அம்மாவிடம் கொடுத்தால் தேதி தவறாது.